மணவிலக்கு: குற்றமா, உரிமையா?

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர். ஆகட்டும். பயிர் பட்டுக் கருகிய பின்னும் வேலியைப் பிரிக்கக் கூடாது, உள்ளே நிற்பவள் வெளியே வரக் கூடாது என்பது எந்த ஊர் உழவு?

1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, மணவாழ்வை முறித்துக்கொள்ளும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு என முழங்கியது. 1949-இல் சென்னை மாகாணம் இந்துக்களுக்கு மணவிலக்குச் சட்டம் கண்டது. 1955-இல் மத்திய அரசின் இந்து திருமணச் சட்டம் பிறந்தது. கதவு திறந்ததென்று மகிழ்ந்தோம். திறந்த கதவின் முன்னே எத்தனை படிகள் என்று எண்ணிப் பார்த்தோமா?

மணமாகி ஓராண்டு கழியுமுன் மனுக் கொடுக்க இயலாது. பொறுக்கவொண்ணாத் துன்பமிருந்தால் மட்டுமே நீதிமன்றம் இசையும். இருவரும் ஒருமனப்பட்டுப் பிரிய 1976-இல்தான் வழி பிறந்தது. அதற்கும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். கூட்டாக மனுத் தரவேண்டும். ஆறு திங்கள் காத்திருந்து, மீண்டும் வந்து உறுதி கூறவேண்டும். இனிச் சேர வழியே இல்லையெனில் அந்த ஆறு திங்களைத் தள்ளிவிடலாம் என்று 2017-இல் உச்சநீதிமன்றம் கூறியது.

ஒருவர் மறுத்தால்? அங்கே தொடங்குகிறது அல்லல்! பிறருடன் உறவு, கொடுமை, ஈராண்டுக்குக் குறையாது கைவிடல், மதமாற்றம் எனச் சட்டம் அடுக்கும் குற்றங்களுள் ஒன்றை மெய்ப்பித்தாக வேண்டும். மனம் ஒவ்வாமல் பிரிய நினைப்போரைப் பகைவராக்கி, படுக்கையறையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது இம்முறை. அறிவிப்புச் சேர்ந்த ஆறு திங்களுக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 21பி பிரிவு. ஏட்டிலே ஆறு திங்கள். நாட்டிலே ஆண்டுக்கணக்கில் வாய்தா! கைக்குழந்தையோடு தாழ்வாரத்தில் நிற்கும் தாய்க்கு அன்றைய கூலியும் போகிறது, இளமையும் போகிறது.

மீட்கவியலாதபடி மணம் முறிந்துவிட்டது என்பதையே காரணமாக ஏற்குமாறு சட்ட ஆணையம் 1978-லும் 2009-லும் பரிந்துரைத்தது. 2013-இல் மாநிலங்களவை ஏற்ற மசோதா, மக்களவையைத் தாண்டாமலே மாண்டது. 2023-இல் உச்சநீதிமன்றம், அரசியல் சட்டத்தின் 142-ஆம் விதிப்படி அக்காரணத்தால் தான் மணவிலக்கு அளிக்கலாம் என்றது. குடும்ப நீதிமன்றத்திற்கோ அவ்வதிகாரம் இல்லை. டில்லிவரை செல்லும் பொருள் படைத்தோருக்கு விடுதலை, உழைத்துண்ணும் பெண்ணுக்கு வாய்தாவா? இதுவோ நீதி!

குடும்பம் குலைந்துவிடுமே எனக் குமுறுவோர் உளர். பூட்டினால் மட்டுமே நிலைக்கும் வீட்டுக்குச் சிறை என்று பெயர், குடும்பமென்று பெயரன்று. அடிக்கும் கையையே கும்பிடச் சொல்வது பண்பாடும் ஆகாது.

தோழர்களே! தீர்மானம் போட்டதோடு நம் கடமை தீரவில்லை. 2003-இன் திருத்தத்தால் மனைவி தான் வாழும் ஊரிலேயே வழக்கிடலாம். வழக்கு நடக்கும்போதே 24-ஆம் பிரிவின்படி இடைக்கால வாழ்க்கைப்பொருள் கேட்கலாம். மனுக் கொடுத்த நாள் முதலே அதைக் கணக்கிட வேண்டும் என 2020-இல் உச்சநீதிமன்றம் உரைத்துள்ளது. இவற்றை உங்கள் தங்கைக்குச் சொல்லுங்கள்; தெருவில் படிப்பகம் இருந்தால் அங்கே எழுதி வையுங்கள். முறிந்த மணத்தை முறிந்ததென்றே ஏற்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் இயற்றும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். சேர்ந்து வாழ மனம் ஒப்ப வேண்டுமெனில், பிரிந்து வாழவும் அந்த மனமே போதும்!