காவல் பெட்டியின் சாவி யார் கையில்?

2022-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நோயாளிகளைப் பதிவு செய்வதும், பரிசோதனை முடிவு தருவதும், கட்டணம் வசூலிப்பதும் மீண்டும் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பின. ஆஸ்பத்திரியின் முக்கிய கம்ப்யூட்டர் வேலைகள் மீண்டும் சீராக இரண்டு வாரங்கள் பிடித்தன. பாதிப்பு எட்டாத வேறொரு சர்வரில் நகல் இருந்ததால்தான் நோயாளிகளின் விவரங்கள் தப்பின.

பின்னர் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு விவரம் தந்தது. ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டன. ஆஸ்பத்திரியின் வலைப்பின்னல் முறையாகப் பகுதி பிரிக்கப்படாததே தாக்குதலுக்கு இடம் கொடுத்தது என்பது அந்தப் பதிலின் சாரம்.

கோடிக்கணக்கில் செலவு செய்து கம்ப்யூட்டர்களை வாங்கும் ஸ்தாபனங்கள் அவற்றுக்கு என்ன காவல் போடுகின்றன? போட்ட காவலை யார் கவனிக்கிறார்கள்? கவுண்டருக்கு வெளியே நிற்கும் பொதுமக்களையும், கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவையும் நேரடியாகப் பாதிக்கும் விஷயம் இது.

லெவல் கிராஸிங்கும் கேபினும்

வலைப்பின்னலுக்குக் காவல் நிற்கும் சாதனத்தின் பெயர் ஃபயர்வால். ஆபீஸின் கம்ப்யூட்டர்களுக்கும் வெளியுலக இன்டர்நெட்டுக்கும் நடுவில் இது நிற்கிறது. எந்தத் தகவல் உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று ஒவ்வொன்றையும் பார்த்து வழிவிடும் அல்லது தடுக்கும். ஒரே ஆபீஸுக்குள் கணக்குப் பிரிவையும் மற்றப் பிரிவுகளையும் தனித்தனியே தடுத்து வைக்கவும் இதைப் பயன்படுத்தலாம்.

ரயில் பாதையில் உள்ள லெவல் கிராஸிங் கேட்டைப் போன்றது ஃபயர்வால் எனலாம். ஆனால் கேட்டை இயக்கும் கேபின் ஒன்று உண்டல்லவா? அதுபோல ஃபயர்வாலுக்கும் ஒரு கேபின் உண்டு. அதுவே அதன் நிர்வாகப் பக்கம். கம்ப்யூட்டரில் ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும்; பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். சரியாகக் கொடுத்தவர் எந்த வழியையும் திறக்கலாம், எந்த வழியையும் அடைக்கலாம், நடந்ததைக் காட்டும் பதிவையும் அழிக்கலாம்.

கேட்டை முட்டி உடைக்கும் திருடன் சத்தத்தில் அகப்பட்டுக்கொள்வான். கேபினுக்குள் புகுந்தவனோ லீவரை இழுத்தால் போதும். கேட் தானாகத் திறக்கும். சமீப ஆண்டுகளில் உலகெங்கும் திருடர்கள் குறிவைப்பது இந்தக் கேபினைத்தான்.

தெருவைப் பார்த்த கதவு

2020 ஏப்ரலில் சோபோஸ் கம்பெனியின் ஃபயர்வால்கள் தாக்கப்பட்டன. நிர்வாகப் பக்கத்தையோ உபயோகிப்பாளர் பக்கத்தையோ இன்டர்நெட்டில் திறந்து வைத்திருந்த இடங்களில்தான் தாக்குதல் பலித்தது. உலகம் முழுவதும் சுமார் 81,000 ஃபயர்வால்கள் இதில் குறிவைக்கப்பட்டதாக 2024 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் கூறி, சீனர் ஒருவர் மீது குற்றம் சாட்டியது.

2023 அக்டோபரில் சிஸ்கோ கம்பெனியின் வலைப்பின்னல் சாதனங்களுக்கு இதே கதி நேர்ந்தது. அங்கே திருடர்கள் பாஸ்வேர்டைத் திருடவில்லை. இணையத்தின் வழியே நிர்வாகப் பக்கத்துக்கு வந்து, தங்களுக்கென முழு அதிகாரமுள்ள புதிய லாகினையே உருவாக்கிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான சாதனங்கள் இப்படிக் கைமாறின.

2024 நவம்பரில் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் ஃபயர்வால்களில் இரண்டு ஓட்டைகள் வெளிப்பட்டன. பாஸ்வேர்டே இல்லாமல் நிர்வாகி ஆவதற்கு முதல் ஓட்டை வழி தந்தது. சாதனம் முழுவதையும் கைப்பற்ற இரண்டாவது உதவியது. நிர்வாகப் பக்கத்தை ஆபீஸுக்குள் உள்ள நம்பகமான முகவரிகளுக்கு மட்டும் திறந்து வைத்தவர்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறைவு என்று அந்தக் கம்பெனியே அப்போது அறிவித்தது.

இந்த மூன்றிலும் உள்ள பாடம் ஒன்றே. பாஸ்வேர்டு எவ்வளவு பலமானதாக இருந்தாலும், பூட்டிலேயே கோளாறு இருந்தால் அது பயன்படாது. ஆகவே முதல் காரியம், அந்தக் கதவு தெருவைப் பார்த்து இருக்கவே கூடாது. வெளியூரிலிருந்து பழுது பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று திறந்து வைக்கும் கதவு, பழுது பார்ப்பவனுக்கு மட்டும் திறப்பதில்லை.

அமெரிக்க அரசாங்கம் தன் மத்திய இலாகாக்களுக்கு இதைக் கட்டாயமாகவே ஆக்கியது. அங்குள்ள சைபர் பாதுகாப்பு ஏஜென்சி 2023 ஜூனில் இட்ட உத்தரவின்படி, மத்திய இலாகாக்களின் இத்தகைய நிர்வாகப் பக்கம் இன்டர்நெட்டில் தெரிவதாகக் கண்டுபிடிக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் அதை விலக்க வேண்டும், அல்லது தனிப் பாதுகாப்புக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

மாற்றப்படாத பாஸ்வேர்டு

கதவை உள்பக்கம் திருப்பினால் மட்டும் போதாது. பூட்டையும் கவனிக்க வேண்டும். புதிய சாதனம் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 'அட்மின்' என்ற பெயருடனும், எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டுடனும் வருவது நெடுநாள் வழக்கம். அது கையேட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். சாதனத்தைப் பொருத்த வந்தவர் அதை மாற்றாமலே போய்விட்டால், கடையில் விற்கும் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரே சாவி என்ற நிலைதான்.

2016-ல் 'மிராய்' என்ற தீய புரோகிராம் இதைத்தான் பயன்படுத்தியது. தொழிற்சாலை பாஸ்வேர்டுகள் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவற்றை மட்டும் முயன்று பார்த்தே, லட்சக்கணக்கான காமிராக்களையும் ரௌட்டர்களையும் அது அடிமையாக்கியது. எல்லா சாதனத்துக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுடன் வீட்டு உபயோக இணைய சாதனங்களை விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டப்படி தடை செய்தது.

பழைய சாவிகளும் ஆபத்தானவையே. 2022-ல் ஃபோர்ட்டிநெட் ஃபயர்வால்களின் நிர்வாகப் பக்கத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வழியே அப்போது திருடப்பட்ட விவரங்கள் 2025 ஜனவரியில் வெளியே கொட்டப்பட்டன. சுமார் 15,000 ஃபயர்வால்களின் விதிகளும், பெயர்களும், பாஸ்வேர்டுகளும் அவற்றில் இருந்தன. ஓட்டையை அடைத்தோம், தொல்லை தீர்ந்தது என்று இருந்தவர்கள் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் சாவி செல்லுபடியாகும் அல்லவா?

2021 மே மாதம் அமெரிக்காவில் காலனியல் பைப்லைன் என்ற பெட்ரோல் குழாய்க் கம்பெனி பல நாட்கள் ஸ்தம்பித்தது. திருடர்கள் நுழைந்தது, உபயோகத்திலேயே இல்லாத ஒரு பழைய லாகின் வழியாக. அதற்குப் பாஸ்வேர்டு மட்டுமே காவல். இரண்டாவது சோதனை கிடையாது. கம்பெனி 44 லட்சம் டாலர் கப்பம் கட்டியது.

ஏ.டி.எம்.மில் கார்டும் வேண்டும், ரகசிய எண்ணும் வேண்டும். சில ஆயிரம் ரூபாய் எடுக்க இரண்டு சோதனை கேட்கும் நாட்டில், ஒரு ஸ்தாபனத்தின் முழுக் காவலையும் திறக்க ஒரே ஒரு சொல் போதும் என்று விடுவது என்ன நியாயம்? பாஸ்வேர்டு கொடுத்த பிறகு கைப்பேசியில் வரும் எண்ணையும் கேட்கும் வசதி இன்றைய ஃபயர்வால்களில் உண்டு. அதை இயக்கி வைப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

பொது லாகின் யாருக்குப் பாதுகாப்பு?

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ந் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதில் பட்டியலிட்ட சைபர் சம்பவம் எது நடந்தாலும் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். கம்ப்யூட்டர் அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும்.

பதிவு என்பது என்ன? எந்த லாகின், எந்த நேரத்தில், எந்த விதியை மாற்றியது என்ற குறிப்பு. ஆனால் ஐந்து பேர் சேர்ந்து ஒரே 'அட்மின்' லாகினைப் பயன்படுத்தினால் பதிவில் என்ன இருக்கும்? 'அட்மின் மாற்றியது' என்று இருக்கும். 180 நாட்கள் அல்ல, 1,800 நாட்கள் வைத்திருந்தாலும் அந்த அட்மின் யார் என்று தெரியாது.

குமாஸ்தாக்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. விசாரணை வரும்போது பொது லாகினுக்குச் சொந்தக்காரன் இல்லை; ஆனால் பழிக்குச் சொந்தக்காரன் ஒருவன் கிடைத்துவிடுவான். அவசரத்துக்கு என்று மேலதிகாரி கேட்டு வாங்கிய பாஸ்வேர்டு, டெண்டர் எடுத்த கம்பெனியின் ஆள் எழுதிக்கொண்டு போன பாஸ்வேர்டு, மாற்றலாகிப் போனவர் நினைவில் உள்ள பாஸ்வேர்டு எல்லாம் ஒன்றே என்றால், அன்று டியூட்டியில் இருந்த சிறிய ஊழியன் தன் நிரபராதித்தனத்தை எதைக் கொண்டு நிரூபிப்பான்? தனி லாகினை ஊழியர்கள் தங்களை வேவு பார்க்கும் ஏற்பாடு என்று கருத வேண்டியதில்லை. அதுவே அவர்களுக்குக் கேடயம்.

நஷ்டமும் கீழேதான் இறங்குகிறது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற கம்ப்யூட்டர் சேவைக் கம்பெனி தாக்குதலுக்கு உள்ளானபோது, அதை நம்பியிருந்த சுமார் 300 சிறிய வங்கிகளின் பணப் பரிவர்த்தனை தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. கூட்டுறவு வங்கிகளும் கிராமிய வங்கிகளும் அவற்றில் அடங்கும். தொழில்நுட்பக் காரணம் எதுவாயினும், அப்படிப்பட்ட நாளில் கூலிப் பணத்தை ஊருக்கு அனுப்ப முடியாமல் தவிப்பது யார் என்பதை, தில்லியிலும் மும்பையிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது என்ன?

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கம் இன்டர்நெட் பக்கம் திறக்காதபடி செய்ய வேண்டும். குறிப்பிட்ட ஒன்றிரண்டு கம்ப்யூட்டர்களிலிருந்து மட்டுமே அது திறக்க வேண்டும். வெளியிலிருந்து பழுது பார்த்தே ஆக வேண்டுமானால், இரட்டைச் சோதனையுள்ள தனிப் பாதை வழியாக, வேலை முடியும் வரை மட்டும் அனுமதிக்க வேண்டும். தொழிற்சாலை பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் லாகின் தர வேண்டும். பார்வையிட மட்டும் தேவைப்படுபவருக்கு மாற்றும் அதிகாரம் கூடாது. சில முறை தவறான பாஸ்வேர்டு போட்டால் லாகின் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஃபயர்வாலைப் பிடித்தவன் பதிவையும் அழித்துவிடாதபடி, பதிவுகள் வேறொரு கம்ப்யூட்டரில் சேர வேண்டும். கம்பெனி அனுப்பும் திருத்தங்களைத் தாமதமின்றி ஏற்ற வேண்டும்.

இவற்றோடு இன்னொரு பழைய பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ரயில்வேயில் டியூட்டி மாறும்போது சார்ஜ் ஒப்படைத்துக் கையெழுத்துப் போடாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. ஆபீஸை விட்டுப் போகும் ஒவ்வொருவரின் லாகினையும் அதேபோல் அன்றைக்கே நீக்கிக் கையெழுத்து வாங்கினால் என்ன?

பெட்டி வாங்கிய பில் பாஸாகிவிட்டதோடு கடமை முடிந்தது என்று நிர்வாகங்கள் எண்ணக் கூடாது. பொறுப்பான அதிகாரி ஒருவர் பெயர் எழுத்து மூலம் குறிக்கப்பட வேண்டும். ஊழியர் சங்கங்கள் சம்பளமும் பஞ்சப்படியும் பேசும் மேஜையில் இந்த ஒரு கேள்வியையும் வைக்கட்டும்: ஃபயர்வாலின் சாவி இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது, அவர்கள் யார் யார்? இதற்கு உடனே பதில் சொல்ல முடியாத நிர்வாகத்துக்கு, விபத்து நடந்த பிறகு கீழே உள்ளவனை நோக்கி விரல் நீட்டும் உரிமை கிடையாது.