தபாலில் வராத நோட்டீஸ்

மாண்புமிகு ஒன்றிய நிதி மற்றும் நிறுவன விவகாரங்கள் துறை அமைச்சர் திருமதி நிர்மலா சீதாராமன் அவர்களுக்கு,

கோயம்புத்தூர் கணபதியில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதி வரித் தாக்கல் செய்து கொடுக்கிறேன். விற்பனை வரி, வாட், ஜிஎஸ்டி என்று மூன்றையும் பார்த்தவள். என்னிடம் வருபவர்கள் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், கிரைண்டருக்கும் பம்புக்கும் உதிரிபாகம் செய்பவர்கள், ஃபவுண்டரிக்கு மரப் பேட்டர்ன் செய்து கொடுப்பவர்கள். நான்கைந்து பேரை வைத்துக்கொண்டு, தாங்களும் அவர்களோடு நின்று வேலை பார்க்கும் முதலாளிகள்.

2024 அக்டோபர், ஆயுத பூஜை முடிந்த மறுவாரம். ஐம்பத்தெட்டு வயதுப் பட்டறைக்காரர் ஒருவர் படியேறி வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. என் மேசைத் தாள்களில் பட்டுவிடக் கூடாதே என்ற தயக்கம். "ஏனுங்க அம்மிணி, பேங்க்ல இருந்து போன் வந்துச்சுங்க. கணக்க முடக்கிப் போட்டாங்களாமா. நா என்னங்க தப்புப் பண்ணேன்?" என்றார். தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை. நான்கு ஆட்களுக்குப் போனஸ் கொடுக்க எடுத்து வைத்திருந்த பணம் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

ஜிஎஸ்டி தளத்தைத் திறந்து தேடினேன். 2018-19ஆம் ஆண்டுக்கு அவர் எடுத்த இன்புட் வரியில், அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்துப் பிறகு கழித்துக்கொண்ட வரியில், 1,84,000 ரூபாய் செல்லாது என்று 2023 டிசம்பரில் ஒரு நோட்டீஸ். பதில் இல்லை என்று 2024 ஏப்ரலில் ஒரு ஆணை. வட்டியும் அபராதமும் சேர்ந்து மூன்றரை லட்சத்துக்கு மேல். மேல்முறையீடு செய்ய மூன்று மாதம், தாமதத்துக்குக் காரணம் சொன்னால் இன்னும் ஒரு மாதம் என்பது சட்டம். அந்த நான்கு மாதமும் எங்களுக்குத் தெரியாமலே ஓடி முடிந்திருந்தது.

நானும் பார்க்கவில்லை என்பதை ஒளிக்க மாட்டேன். அப்போது தளத்தில் நோட்டீஸ்களுக்கு ஒரு பெட்டி, 'கூடுதல் நோட்டீஸ்கள், ஆணைகள்' என்று வேறொரு பெட்டி. நான் முதல் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் இரண்டாவதில் கிடந்தது. பதிவில் இருந்த மின்னஞ்சலோ, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி தொடங்கிய அவசரத்தில் பதிவு போட்டுக் கொடுத்த ஒரு கம்ப்யூட்டர் சென்டர் பையனுடையது. அந்தப் பையன் இன்று எங்கே இருக்கிறானோ. பட்டறையோ முப்பது ஆண்டுகளாக அதே தெருவில், அதே கதவு எண்ணில் இருக்கிறது. தபால்காரருக்கு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

அவருடைய குற்றம்தான் என்ன? இரும்பு விற்ற கடைக்காரர் தம் தாக்கலில் இவருடைய ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல், சில்லறை விற்பனையோடு சேர்த்துக் காட்டிவிட்டார். வரி அரசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இவர் கணக்கில் மட்டும் ஏறவில்லை. தொடக்க ஆண்டுகளில் இப்படிப்பட்ட பிழைகள் ஏராளமாக நடந்தன என்று உங்கள் மறைமுக வரி வாரியத்துக்கே தெரியும். அதனால்தான், விற்றவரிடமிருந்து ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று 2022 டிசம்பரிலேயே சுற்றறிக்கை விட்டார்கள். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட தொகைக்கு ஆடிட்டர் சான்றுகூட வேண்டாம். நோட்டீஸ் கைக்கு வந்திருந்தால், சத்தி ரோட்டில் இருக்கும் இரும்புக் கடைக்கு ஒருமுறை போய் வந்தால் முடிந்திருக்கும் வேலை.

அதற்குப் பதிலாகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனோம். அங்கே போனபோதுதான் தெரிந்தது, இதே கதையோடு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று. தளத்தில் போட்ட நோட்டீஸைப் பார்க்கவில்லை, எங்கள் தரப்பைக் கேட்கவில்லை என்ற வழக்குகளில், கேட்ட வரியில் பத்தில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லிவிட்டு, மறுபடி விசாரியுங்கள் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் அப்படியே ஆயிற்று. 18,400 ரூபாய் கட்டினோம். முடக்கம் நீங்கியது. 2025 நடுவில் சான்றிதழைப் பார்த்த அதிகாரி, நிலுவை எதுவும் இல்லை என்று எழுதிக் கோப்பை முடித்தார். வக்கீல் செலவும் சென்னைப் பயணமும் பட்டறைக்குப் பூட்டுப் போட்ட நாட்களும் அவர் தலையில். அந்தத் தீபாவளிக்குப் போனஸ் கொடுக்க, மனைவியின் வளையலை அடகு வைத்தார்.

அமைச்சர் அவர்களே, 2019 ஜூலையில் உங்கள் முதல் பட்ஜெட் உரையில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன புறநானூற்றுப் பாட்டை நாடாளுமன்றத்தில் எடுத்துச் சொன்னீர்கள். நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் தாங்கும். யானையே வயலில் இறங்கினால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே அதிகம். அன்று டிவியில் அதைக் கேட்டு என் அலுவலகத்தில் இருந்த நால்வரும் கைதட்டினோம். என் பட்டறைக்காரர் கதையில் யானைக்குச் சேர வேண்டியது ஒரு மணிகூட இல்லை. வயல் மட்டும் மிதிபட்டது.

ஜிஎஸ்டி சட்டத்தின் 169ஆம் பிரிவு நோட்டீஸை எப்படிச் சேர்ப்பிக்கலாம் என்று வழிகளைச் சொல்கிறது. நேரில் கொடுக்கலாம், பதிவுத் தபாலிலோ விரைவுத் தபாலிலோ அனுப்பலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம், தளத்தில் போடலாம். சட்டம் மறுக்காத தபாலைத்தான் நான் கேட்கிறேன். பணம் கேட்கும் ஒவ்வொரு நோட்டீஸும் தளத்தில் ஏறும் அதே நாளில் விரைவுத் தபாலிலும் போகட்டும். அதன் மேல் ஒரே ஒரு தாள் தமிழில் இருக்கட்டும்: எந்த ஆண்டு, எவ்வளவு தொகை, என்ன காரணம், எந்தத் தேதிக்குள் யாரிடம் பதில் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பெட்டிகளையும் பிற்பாடு ஒரே தலைப்புக்குக் கீழ் கொண்டுவந்தது நல்ல திருத்தம். ஆனால் வேலை நேரம் முழுக்க இரும்போடு நிற்கிறவருக்கு, பெட்டி ஒன்றாக இருந்தாலும் இரண்டாக இருந்தாலும் அது எட்டாத இடம்தான்.

விதிகள் மாறும் வேகத்தையும் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பர் 9 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. பதிவில்லாத ஒருவரிடம் கடையை வாடகைக்கு எடுத்திருக்கும், ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரி, அந்த வாடகைக்கு 18 விழுக்காடு வரியைத் தாமே கட்ட வேண்டும் என்று அக்டோபர் 10 முதல் நடைமுறை. இணக்கத் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில் இருப்பவருக்கு இன்புட்டே கிடையாது. 12,000 ரூபாய் வாடகைக்கு மாதம் 2,160 ரூபாய் அவர் கைப்பணம். டிசம்பர் கூட்டத்தில் தவறை உணர்ந்து அவர்களுக்கு விலக்குக் கொடுத்தீர்கள். 2025 ஜனவரி 16 முதல் அது அமலுக்கு வந்தது. இடைப்பட்ட மூன்று மாதத்துக்கு 'இருந்தது இருந்தபடி' என்றார்கள். காலாண்டு முடிந்ததும் முதல் ஆளாக ஓடிவந்து கட்டிய கிரைண்டர் கடைக்காரர் ஒருவருக்கு அந்தப் பணம் போனது போனதுதான். கட்டாமல் இருந்த பக்கத்துக் கடைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டியவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு நான் எதைச் சொன்னாலும், "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாங்களா?" என்கிறார். சொன்னதும் கட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

2025 செப்டம்பர் 22 அன்று வரி அடுக்குகள் குறைந்தன. 12-ம் 28-ம் பெரும்பாலும் போய், 5-ம் 18-ம் நின்றன. சோப்பு முதல் சிறு கார் வரை விலை குறைந்ததை மனதாரப் பாராட்டுகிறேன். அந்தக் கொண்டாட்டத்தில் எங்கள் ஊருக்கு மட்டும் ஒன்று கண்ணில் படவில்லை. 2019 அக்டோபரில் 18-லிருந்து 12 ஆகக் குறைந்த எங்கள் லேத் ஜாப் ஒர்க், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை, மறுபடி 18-க்கே போய்விட்டது. ஊரெல்லாம் வரி குறைந்தது என்று பேசும்போது தன் வேலைக்கு மட்டும் கூடியிருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? முதல் வாரம் பலரும் 12 போட்டே பில் எழுதினார்கள். 80,000 ரூபாய் பில்லில் 4,800 ரூபாய் குறைவு. வேலை கொடுத்த கம்பெனியிடம் போய்த் திருத்திய பில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்க முடிந்தவர்கள் சிலரே. ஜாப் ஒர்க்குக்கு 5 விழுக்காடு வேண்டும் என்று எங்கள் ஊர்க் குறுந்தொழில் சங்கங்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருவதை நீங்கள் அறிவீர்கள். அதை இங்கே மறுபடி வாதாட வரவில்லை. கூடினால் கூடியது என்று எங்கள் காதில் விழும்படி சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

கடமை தெரியாமல் தண்டம் கட்டுவது ஒரு பக்கம். உரிமை தெரியாமல் காத்துக் கிடப்பது இன்னொரு பக்கம். குறு, சிறு தொழில்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்குப் பல் வைத்தது நீங்கள்தான்: வருமான வரிச் சட்டத்தில் 43பி-யில் ஒரு உட்பிரிவைச் சேர்த்து, கெடு தாண்டினால் பணம் கொடுக்கும் ஆண்டு வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று ஆக்கினீர்கள். என்னிடம் வரும் பட்டறைக்காரர்களில் பலர் 90 நாள், 120 நாள் கழித்துத்தான் பணம் பார்க்கிறார்கள். வரியை மட்டும் பில் போட்ட கணக்குக்குக் கெடு தவறாமல் கட்டிவிடுகிறார்கள். அந்த உட்பிரிவைப் பற்றிச் சொன்னபோது ஒருவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "நெசமாவா அக்கா, எங்க பக்கம் நிக்கற சட்டமும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

உங்களிடம் இருக்கும் இன்னொரு துறையான நிறுவன விவகாரங்களுக்கு வருகிறேன். அண்ணனும் தங்கையுமாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினார்கள். டெண்டர் கிடைக்கும் என்று யாரோ சொன்னது. கொரோனாவில் தொழில் நின்றது. ஷட்டரை இறக்கினார்கள், ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள். ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்ச வரம்பே இல்லை. இரண்டு படிவம், ஓராண்டு தாமதம் என்றால் 73,000 ரூபாய். ஒவ்வோர் ஆண்டின் படிவத்துக்கும் இது தனித்தனியாக ஓடும். மூன்றாண்டு தொடர்ந்து விட்டுவிட்டால் ஐந்தாண்டுக்கு வேறெந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. கம்பெனியை மூடி முடிக்கவும் 10,000 ரூபாய் கட்டணம். அதற்கு முன் பழைய பாக்கிப் படிவங்கள். மூடுவதற்கே கடன் வாங்க வேண்டிய நிலை.

ஜிஎஸ்டி தாக்கலில் இந்த அநீதியை நீங்களே சரி செய்திருக்கிறீர்கள். ஒன்றரைக் கோடி வரை வியாபாரம் உள்ளவருக்கு ஒரு தாக்கலின் தாமதக் கட்டணம் 2,000 ரூபாயைத் தாண்டாது. வியாபாரமே இல்லாத மாதத்துக்கு 500. அதே வரம்பைச் சிறு நிறுவனங்களின் படிவங்களுக்கும் கொண்டுவாருங்கள். சிறு நிறுவனம் என்பதன் எல்லையை 2025 டிசம்பரில் 10 கோடி மூலதனம், 100 கோடி விற்பனை என்று உயர்த்தினீர்கள். ஆண்டுதோறும் இருந்த இயக்குநர் கேஒய்சி-யை மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆக்கினீர்கள். இவற்றுக்கு நன்றி. நாளொன்றுக்கு 100 என்பது மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது?

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 819 பிரிவுகளை 536 ஆகச் சுருக்கி, 2026 ஏப்ரல் 1 முதல் என்று புதுச் சட்டம் கொடுத்திருக்கிறீர்கள். 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற குழப்பம் போய் 'வரி ஆண்டு' வந்தது எனக்குப் பெரிய நிம்மதி. சிக்கலான ஆங்கிலம் எளிய ஆங்கிலமாகியிருக்கிறது. என் பட்டறைக்காரருக்கோ இரண்டும் ஒன்றுதான். நீங்கள் மதுரையில் பிறந்தவர், திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் படித்தவர். தமிழில் ஒரு தாள் என்று நான் கேட்பது எதற்கென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

என் அலுவலகப் படிக்கட்டுச் சுவரில் மாதந்தோறும் ஒரு தாள் ஒட்டுகிறேன். மாறிய விதி என்ன, யாருக்குப் பொருந்தும், கெடு எப்போது என்று கையால் எழுதியது. ஏறி வருபவர்கள் போனில் படம் பிடித்துப் பக்கத்துப் பட்டறைக்கு அனுப்புகிறார்கள்; எனக்குத் தெரியாதவர்கள்கூட அதை நம்பி வரி கட்டுகிறார்கள். எனக்கு அச்சமாக இருக்கிறது. அறிவிப்பைப் படித்து நான் புரிந்துகொண்டதில் ஒரு சொல் பிசகினாலும் அவர்கள் பணம் போகும். அப்படிப்பட்ட மூன்று தாள்களை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். உங்கள் அதிகாரிகள் படித்துப் பார்த்துத் தவறு இருந்தால் திருத்தித் தரட்டும். அடுத்த மாதத்திலிருந்து அதே அளவில், அதே எளிமையில், உங்கள் துறையின் முத்திரையோடு நீங்களே வெளியிடுங்கள். ஒட்டுவதற்குச் சுவரும் பசையும் என்னிடம் இருக்கின்றன.

பணிவுடன்,
ஒரு கணக்கெழுதுபவர்,
கணபதி, கோயம்புத்தூர்.