வழியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்

தலைமைப் பண்பைப் பேச்சால் ஊட்டிவிடலாம் என்ற நம்பிக்கை நம் பள்ளிகளில் இன்னும் வலுவாக இருக்கிறது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் நடத்திய முகாம் வேறொரு வழியைக் காட்டியது. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 20 சிறுவர்களை அவர் நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். தடம் பார்ப்பதையும் சுற்றுப்புறத்தைக் கூர்ந்து கவனிப்பதையும் அவர்கள் விளையாட்டாகவே பழகினார்கள். சாரணர் இயக்கம் இன்றும் அந்த அணிமுறையில்தான் நிற்கிறது.

இந்த முறை பலன் தருவதற்குக் காரணம், தவறைச் சுட்டிக்காட்டுவது ஆசிரியரல்ல, நிலம் என்பதுதான். வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, குறித்த இடங்களை வரிசையாகத் தேடிச் சேரும் ஓரியன்டீரிங் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் வர வேண்டிய ஓடை இடப்பக்கம் வந்துவிட்டால், அணித்தலைவி எவ்வளவு உரக்கப் பேசினாலும் பயனில்லை. அவள் நிற்க வேண்டும். வாய் திறக்காமல் காலடிகளை எண்ணிக்கொண்டு வந்த சிறுவனிடம் கேட்க வேண்டும். முடிவை மாற்ற வேண்டும். கடைசிப் பிள்ளை வந்து சேரும் நேரமே அணியின் நேரம் என்று விதி வைத்தால், பின்தங்குகிறவரை விட்டுவிட்டு ஓடவும் முடியாது. கேட்பது, திருத்திக்கொள்வது, எல்லோரையும் சேர்த்துக் கூட்டிச் செல்வது ஆகிய மூன்றும் இல்லாமல் தலைமை ஏது?

கைபேசியே வழி சொல்லும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அதற்கு ஓர் ஆய்வில் பதில் இருக்கிறது. லண்டன் டாக்சி ஓட்டுநராகப் பயின்றவர்களை மூளை ஆய்வாளர் எலினார் மக்வயரும் உடன் ஆய்வாளரும் தொடர்ந்து கவனித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான தெருக்களை மனத்தில் பதித்துத் தேர்ச்சி பெற்றவர்களின் மூளையில், இட நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. ஆய்வில் இருந்தவர்கள் பெரியவர்கள்தான், ஆனாலும் வழி தேடும் திறன் பயிற்சியால் வளரக்கூடியது என்பதற்கு இது நல்ல சான்று. பிள்ளைகள் தொலைந்துபோவார்களே என்ற பெற்றோரின் அச்சம் நியாயமானது. அதனால் பள்ளி வளாகத்துக்குள் தொடங்கலாம். தாண்டக்கூடாத எல்லையையும் திரும்ப வேண்டிய நேரத்தையும் முதலிலேயே சொல்லிவிடலாம். பழகப் பழக எல்லையை விரிக்கலாம். துடுக்கான பிள்ளைகளே எப்போதும் முன்னே நிற்பார்கள் என்பதும் உண்மை. ஒவ்வோர் இடத்துக்கும் தலைமையை மாற்றினால் கூச்சமுள்ளவர்களுக்கும் முறை வரும்.

இதற்குப் பெரிய செலவில்லை. பெரியவர்களின் பொறுமைதான் வேண்டும். பிள்ளைகள் தவறான பக்கம் திரும்பும்போது, ஆபத்து இல்லாதவரை ஆசிரியர் குறுக்கிடக் கூடாது. அவர் அங்கேயே திருத்திவிட்டால், முடிவெடுக்கும் பொறுப்பு மறுபடி அவர் கைக்கே போய்விடும்.