குழந்தையின் படம் போட்டு நிதி கேட்க மாட்டோம்: தலசீமியா சிகிச்சை குறித்து எங்கள் நிலைப்பாடு

தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்தும் அமைப்பு இது. எந்தக் குழந்தையின் படத்தையும் வெளியிட்டு இனி நிதி திரட்டுவதில்லை. அப்படித் திரட்டுவோருக்குத் துணை நிற்பதும் இல்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். கொடுக்க மனமுள்ளவர்களை ஏன் தடுக்க வேண்டும் என்று எங்கள் கூட்டத்திலேயே சில பெற்றோர் கோபமாகக் கேட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இந்த விளக்கம்.

தலசீமியா மேஜர் உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு வெளுத்துப்போகும், பால் குடிக்காது, எடை ஏறாது. நோய் உறுதியானபின் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. ஒரு பெருந்தொகையைக் கட்டி முடித்துவிடுகிற செலவல்ல இது. படத்தைப் பார்த்து இரங்குபவர் இந்த மாதம் தருவார், அடுத்த மாதமும் தரலாம். மூன்றாம் வருஷம்? அதற்குள் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயராகியிருக்கும். அக்காவுக்கு வரன் பார்க்கும் வீட்டிலும் அதைப் பற்றிக் கேட்பார்கள்.

பணம் எங்கே தேவைப்படுகிறது என்பதும் வெளியே சரியாகத் தெரிவதில்லை. இரத்தத்துக்குத்தான் செலவு என்று நினைக்கிறார்கள். ஏழைக் குடும்பத்தைச் சாய்ப்பது இரத்தத்தோடு சேர்ந்து உள்ளே போகும் இரும்பு. ஒரு பை சிவப்பணுவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடலுக்கு அதை வெளியேற்ற வழி கிடையாது. நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான் தானாகக் கழியும். மூன்று வாரத்துக்கு ஒரு பை ஏற்றிக்கொள்ளும் 20 கிலோ குழந்தையின் உடலில், வளர்ந்த ஓர் ஆளின் உடம்பு முழுவதிலும் உள்ள இரும்புக்குச் சமமான அளவு ஒரே வருஷத்தில் சேர்ந்துவிடும். அது கல்லீரலிலும் இதயத்திலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் படிகிறது. பிள்ளை வளராது, பருவமடையாது. கடைசியில் இதயம் தளர்கிறது.

இந்த இரும்பை இறக்க டெஃபெரசிராக்ஸ், டெஃபெரிப்ரோன் என்று மாத்திரைகள் இருக்கின்றன. டெஃபெரிப்ரோன் உலகிலேயே முதலில் விற்பனைக்கு வந்த நாடு இந்தியா. தினமும், எடைக்கேற்ற அளவில், விடாமல் கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்து இருக்கும் மாதங்களில் குறையில்லை. “ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க” என்று சொல்லும் மாதங்களில் கட்டட வேலைக்கோ கரும்பு வெட்டவோ போகிற தகப்பன் என்ன செய்வார்? பாதி மாத்திரை கொடுப்பார், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். காப்பீட்டு அட்டையை மருந்துக் கடையில் காட்டி இந்த மாத்திரையை வாங்க முடியாது. இரத்தம் ஏற்றாவிட்டால் பிள்ளை உடனே சோர்ந்துவிடும், எல்லோரும் பதறுவார்கள். மாத்திரை நின்றால் பல வருஷம் வரை வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் இதற்காக யாரும் பதறுவதில்லை, அதிகாரிகள் உட்பட.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: இரும்பு நீக்கும் மாத்திரையும், உடலில் சேர்ந்த இரும்பின் அளவைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனையும் எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் ஆண்டு முழுவதும், ஒரு மாதம்கூட விடுபடாமல், இலவசமாகக் கிடைக்க வேண்டும். தீர்ந்தபின் கொள்முதலுக்கு எழுதும் பழக்கத்தை விட்டு, பதிவான குழந்தைகளின் எண்ணிக்கையையும் எடையையும் வைத்து முன்கூட்டியே கணக்கிடலாம். குழந்தைகள் யார் யார் என்பது மருத்துவமனைக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து நிற்பவர்கள்தானே.

இரத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிக்கடி இரத்தம் தேவைப்படும் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் அணு நோயாளிகளிடம் செயல்முறைக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது தேசிய இரத்தமாற்றுக் கவுன்சிலின் வழிகாட்டுதல். கட்டணம் கேட்காத இடத்தில் ஆள் கேட்கிறார்கள். ஒவ்வொரு பைக்கும் ஈடாக ஒருவரைக் கூட்டிவரச் சொன்னால், வருஷத்துக்குப் பதினேழு பேருக்கு ஒரு கூலித் தொழிலாளி எங்கே போவார்? இந்தக் குழந்தைகளுக்கு மாற்றுக் கொடையாளர் கேட்பதை அடியோடு நிறுத்த வேண்டும். 2018 டிசம்பரில், சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது தெரியவந்தபோது, எங்கள் வீடுகளில் பல நாள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. வாழ்நாளில் நூற்றுக்கணக்கான பைகள் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த ஆபத்து நூற்றுக்கணக்கான முறை வருகிறது. இரத்தத்தில் உள்ள கிருமியைச் சீக்கிரமே கண்டுபிடிக்கும் நியூக்ளிக் அமிலப் பரிசோதனை அரசு இரத்த வங்கிகள் அனைத்திலும் வேண்டும்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை நாங்கள் எதிர்க்கவில்லை. முழுக் குணத்துக்கு வழி அது. கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் 10 லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டமும் நடக்கிறது. ஆனால் உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். பொருந்தாதவர்களுக்கும் நாளைக்கு மாத்திரை வேண்டும்.

இரண்டாவது பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று நம்பி, அதற்கும் இதே நோய் வந்த குடும்பங்கள் எங்களோடு இருக்கின்றன. தாய், தகப்பன் இருவரும் நோய்க் கடத்திகளாக (தங்களுக்கு நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக) இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டியதால் வந்தது என்று மருமகளைக் குத்திக்காட்டுவது வழக்கமாக நடக்கிறது. உறவில் கட்டினால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் வருகிறது. பழி சொல்வதைவிட ஒரு இரத்தப் பரிசோதனை மலிவு. முதல் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கடத்திப் பரிசோதனை செய்து, தாய்க்கு இருப்பது தெரிந்தால் கணவனையும் அழைத்துப் பார்க்க வேண்டும். அதன்பின் என்ன செய்வது என்பதைத் தம்பதியர் தீர்மானிக்கட்டும். அதில் எங்களுக்கோ அரசுக்கோ வேலையில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அதே சட்டத்தின் 34ஆம் பிரிவில், வேலைக்கான 4 விழுக்காடு ஒதுக்கீட்டில் மட்டும் இரத்தக் கோளாறுகளுக்கு இடமில்லை. நன்றாகச் சிகிச்சை பெற்று வளர்ந்த பிள்ளைகள் இப்போது பட்டம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். திருத்தம் வேண்டும்.

உதவ விரும்புகிறவர்கள் அரசு இரத்த வங்கிக்குப் போய், எந்தக் குழந்தையின் பெயரையும் கேட்காமல் இரத்தம் கொடுங்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி விடுமுறையால் முகாம்கள் குறைந்துவிடும். எங்களுக்கு மிகவும் நெருக்கடியான காலம் அதுதான்.