கணக்கு யாருக்கு வராது?

'நம்மாளுங்களுக்குக் கணக்கு வராது தோழர். அது அவங்க ரத்தத்துல ஊறினது.' இதை ஆதிக்கச் சாதிக்காரன் சொன்னால் பதில் சொல்லத் தெரியும். நம் கூட்டங்களிலேயே, நம்மவர் வாயிலேயே கேட்கிறேன். பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, தனியார் பள்ளியிலும் துணிக்கடையிலும் பத்து வருஷம் தேய்ந்து, முப்பத்தைந்து வயதில் கணக்குப் படித்து வேறு வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறவனை நாமே இப்படிச் சொல்லி உட்கார வைக்கிறோம்.

ரத்தத்திலா ஊறியது? கர்ணம் பதவி தலைமுறை தலைமுறையாக அப்பனுக்குப் பின் மகனுக்குப் போனது. அடங்கலும் சிட்டாவும் கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் கிடந்தன. அதே ஊரில் வெட்டியானும் பரம்பரைதான். அவனுக்குப் பிணம், இவனுக்குப் பேனா. பரம்பரை உரிமையைச் சட்டத்திலிருந்து 1968இலேயே எடுத்தார்கள். பல ஊர்களில் பேனா கைமாறவில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பகுதிநேரப் பதவிகளையே ஒழித்தது. அதன்பிறகுதான் பரீட்சை எழுதி வருகிற வி.ஏ.ஓ. வந்தார். இன்று நம் தெருப் பெண்களும் அந்த நாற்காலியில் இருக்கிறார்கள். ரத்தத்தில் ஊறியது ஒரு அவசரச் சட்டத்தில் வடிந்துவிடுமா?

பேனா அவர்கள் கையில் இருந்ததால் நாம் இழந்தது கொஞ்சமல்ல. 1892க்குப் பிறகு நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போனது அடியாளால் மட்டுமல்ல. பதிவேட்டில் பெயர் மாறியதாலும்தான். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். தில்லியில் தலித் மக்களுக்கான சிறப்புக் கூறு நிதியிலிருந்து 700 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்துக் காமன்வெல்த் விளையாட்டுக்குச் செலவழித்தது 2010இல் அம்பலமானது. கோஷம் போட்டு அதைக் கண்டுபிடிக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் தாள்களை வாங்கி, வரி வரியாகப் படித்துக் கண்டுபிடித்தார்கள்.

நான் வங்கியில் குமாஸ்தா. கவிதையும் எழுதுகிறேன். 'கவிஞருக்குப் பேரேட்டுல என்ன வேல?' என்று கேட்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாபாசாகேப் 1925 முதல் 1928 வரை பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் நடத்தினார். கணக்குப் படிக்கிறவன் முன்னால் நின்று பாடம் சொல்வதை அவர் இழிவாக நினைக்கவில்லை. நமக்கு மட்டும் அது 'குமாஸ்தா புத்தி'யாகத் தெரிகிறது.

வராது என்பவர்கள் தெருவில் மகளிர் குழு நோட்டு எழுதுகிற அக்காவைப் போய்ப் பாருங்கள். எட்டாவது படித்தவர். பன்னிரண்டு பேருடைய சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாம் பைசா பிசகாமல் நிற்கும். அதுதான் பேரேடு. பற்று எது, வரவு எது என்பது சில மாதப் பழக்கம். அதற்கு வயது கிடையாது.

வராதது கணக்கு அல்ல, வாசல்தான் திறப்பதில்லை. சி.ஏ. படிக்க வயது வரம்பு இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் பி.காம். அல்லாத பட்டதாரி நேராக இன்டர்மீடியட்டுக்குப் போக 60 சதவீதம் வேண்டும். பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம், தமிழில் முடியாது. இட ஒதுக்கீடு கிடையாது. 2023க்கு முன் மூன்று வருஷம், இப்போது இரண்டு வருஷம் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப். அந்தக் காலத்தில் அனுமதியில்லாமல் வேறு வேலை பார்க்கக் கூடாது. பெண்டாட்டி பிள்ளை உள்ளவன் உதவித்தொகையில் எப்படி அடுப்பெரிப்பான்? அதைத் தாண்டிப் போனாலும் ஆடிட்டர் ஆபீசில் முதல் கேள்வி, 'சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?' இதற்குத்தான் தகுதி, திறமை என்று பெயர்.

சி.ஏ. ஒன்றே வழி என்று யாரும் நம்ப வேண்டாம். 2002இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே பி.காம். படிக்கலாம். கூடவே டாலி பழகலாம். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபிறகு சின்னக் கடைக்காரனுக்கும் கணக்கு எழுத ஆள் தேவைப்படுகிறது. பி.காம். முடித்தவர் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவுசெய்யவும் விதியில் இடமுண்டு.

மிச்சத்தை இயக்கம் செய்ய வேண்டும். கவியரங்கம் நடத்துகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைக் கணக்குக்குக் கொடுங்கள். நம்மில் ஆடிட்டரானவர்கள், முப்பத்தைந்து வயதுக்காரன் கதவைத் தட்டினால் வயதைக் கேட்காமல் திறங்கள். முதல் பாடத்துக்கு நம் அமைப்புகளின் வரவு செலவு நோட்டையே எடுத்துக்கொள்ளலாம். அதை எந்தக் கூட்டத்தில், யார் முன்னால் கடைசியாக வாசித்தோம்? அடுத்தவன் கணக்கைக் கேட்கப் போகிறவன் தன் கணக்கை விரித்துவைக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

நிலத்துக்கும் நிதிக்கும் கூலிக்கும் நாம் கேட்க வேண்டிய கணக்கு மலையாய்க் கிடக்கிறது. அதைப் படிக்க நமக்கு ஆயிரம் பேர் வேண்டும். முப்பத்தைந்து வயதுக்காரர்களும் வேண்டும். நோட்டை எடுங்க தோழர்.