கல்யாணத் தரகர் ஆன கம்ப்யூட்டர்!

ஜவ்வாது மலையில் ஒரு பெண்ணுக்கு வரன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் யார்? குடும்பம் எப்படி? உழைப்பானா? குடிப்பானா?

இதை அறியப் பெண்ணைப் பெற்றவர்கள் அதிகம் அலைய வேண்டியதில்லை. மலையாளி மக்கள் வாழும் அந்தச் சிற்றூர்களில் ஒரு குடும்பத்தின் கதை மற்றக் குடும்பங்களுக்குத் தெரியும். ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் நாலு பேரிடம் கேட்டால் போதும். உண்மை வெளியே வந்துவிடும்!

பட்டணத்தில் அப்படியா? அடுத்த வீட்டுக்காரரின் பெயரே தெரியாது! பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள். பிள்ளை பெங்களூரில் இருக்கிறான். சொந்தக்காரர்கள் திசைக்கு ஒருவராகப் பிரிந்து கிடக்கிறார்கள். வரனுக்கு எங்கே போவது? யாரைக் கேட்பது?

இந்தத் திண்டாட்டத்தில் பிறந்ததுதான் கம்ப்யூட்டர் கல்யாணத் தரகு. அதைப் பெரிய கம்பெனியாக வளர்த்தவர்களில் ஒருவர், நம் சென்னைக்காரர்!

துறைமுகத் தொழிலாளியின் மகன்

அவர் பெயர் முருகவேல் ஜானகிராமன். வட சென்னையில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தந்தை துறைமுகத்தில் வேலை பார்த்தார். மகன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிப்புப் படித்துப் பட்டம் பெற்றார். வேலை தேடிச் சிங்கப்பூர் போனார். பிறகு அமெரிக்கா போனார்.

1997-ம் ஆண்டு. கடல் கடந்து வாழும் தமிழர்களுக்காக அவர் இன்டர்நெட்டில் ஒரு தளம் தொடங்கினார். தமிழ்க் காலண்டர், பண்டிகை நாட்கள் எல்லாம் அதில் இருந்தன. கூடவே ஒரு மூலையில், 'வரன் தேவை' பகுதியும் இருந்தது.

எந்தப் பகுதிக்குக் கூட்டம் கூடியது தெரியுமா? வரன் பகுதிக்குத்தான்!

அவர் அதைத் தனியே பிரித்து எடுத்தார். தமிழருக்கு ஒன்று, தெலுங்கருக்கு ஒன்று என்று மொழிவாரியாகக் கிளைகள் முளைத்தன. எல்லாம் சேர்ந்து 'பாரத் மேட்ரிமோனி' ஆயிற்று. 1999-ல் முருகவேலுக்கும் கல்யாணம் நடந்தது. பெண் கிடைத்தது எங்கே? அவருடைய தளத்திலேதான்!

கம்ப்யூட்டர் தொழிலில் மந்தம் வந்தபோது அமெரிக்காவில் அவருக்கு வேலை போயிற்று. ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை. கல்யாணத் தரகையே முழுநேரத் தொழிலாக்கிக் கொண்டார்.

பங்குச் சந்தை வரை

2001-ல் கம்பெனி முறைப்படி பதிவாயிற்று. 2006-ல் 'யாகூ' என்ற அமெரிக்கக் கம்பெனி இதில் முதல் போட்டது. 2017-ல் கம்பெனியின் பங்குகள் பங்குச் சந்தைக்கு வந்தன. 2021-ல் 'ஜோடி' என்ற செல்போன் செயலி வந்தது. கல்லூரிக்குப் போகாதவர்களும் தங்கள் தாய்மொழியில் வரன் தேட அது வழி செய்தது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? பெயரைப் பதிவு செய்வது இலவசம். பிடித்த வரனின் போன் நம்பர் வேண்டுமா? அப்போதுதான் கட்டணம்!

மேல்நாட்டில் 1995-லேயே 'மேட்ச்' என்ற தளம் வந்துவிட்டது. ஆனால் அங்கே ஆணும் பெண்ணும் தாங்களே பார்த்துப் பழகத் துணை தேடினார்கள். இங்கே கதை வேறு. தகப்பனார் மகளுக்காகப் பதிவு செய்வார். அண்ணன் தம்பிக்காகத் தேடுவான். கல்யாணம் குடும்பத்துக் காரியம் என்பதைப் புரிந்துகொண்ட கம்பெனிதான் இங்கே வளர்ந்தது. பம்பாயில் தொடங்கிய 'ஷாதி' தளமும் இப்படி வளர்ந்ததுதான்.

சாதிக் கட்டம்

கம்ப்யூட்டரில் மொழி கேட்கும் கட்டம் உண்டு. படிப்பு கேட்கும் கட்டம் உண்டு. சாதி கேட்கும் கட்டமும் உண்டு! ஒவ்வொரு சாதிக்கும் தனித்தனித் தளங்களே இருக்கின்றன.

இதற்குக் கம்பெனியை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. இயந்திரத்துக்குச் சாதி தெரியாது. நாம் கேட்டோம்; அது கொடுத்தது. 'சாதி தடை இல்லை' என்று குறிக்கவும் அதே இடத்தில் வசதி இருக்கிறது. எதைக் குறிப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இயந்திரத்துக்குத் தெரியாதது

பழைய தரகர் குடையும் பையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். அவரும் பொய் சொன்னதுண்டு. ஆனால் மறுநாளும் அவர் அதே தெருவில் முகம் காட்ட வேண்டும்! ஒரு குடும்பத்தைக் கெடுத்தால் அடுத்த வீட்டில் அவரைத் திண்ணையில் உட்கார விடமாட்டார்கள். அந்தப் பயம் அவருக்கு இருந்தது.

கம்ப்யூட்டருக்கு அந்தப் பயம் கிடையாது. எழுதிக் கொடுத்ததை அது காட்டும். எழுதியவன் யோக்கியனா என்பது அதற்கு எப்படித் தெரியும்?

ஏமாற்றுக்காரர்கள் நுழைவது இந்த வழியில்தான். 'வெளிநாட்டில் டாக்டர்' என்பான். தேனாகப் பேசுவான். 'உனக்குப் பரிசு அனுப்பினேன், சுங்கத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள், பணம் கட்டு' என்பான். பணம் போனதும் ஆள் மறைந்துவிடுவான்! ஏற்கனவே கல்யாணமானவன் அதை மறைத்துப் பெண் தேடுவதும் உண்டு.

அதனால்தான் 2016-ல் மத்திய அரசு கல்யாணத் தளங்களுக்கு நெறிமுறை வகுத்தது. பதிவு செய்பவர் அடையாளச் சான்று தர வேண்டும், கல்யாணம் செய்வதே நோக்கம் என்று உறுதி சொல்ல வேண்டும் என்று அது கூறுகிறது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடையாளச் சான்று என்ன சொல்லும்? பெயரைச் சொல்லும், முகவரியைச் சொல்லும். குணத்தைச் சொல்லாது!

பெற்றோர்களே, கவனியுங்கள்!

வரன் கம்ப்யூட்டரில் வரட்டும். விசாரணையை நீங்கள் செய்யுங்கள். பையன் வேலை பார்க்கும் இடத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். குடியிருக்கும் தெருவில் நாலு பேரிடம் விசாரியுங்கள். முகம் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். கல்யாணத்துக்கு முன்பு பணம் கேட்டால், எவ்வளவு உருக்கமான காரணம் சொன்னாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பெண்ணைக் கேளுங்கள். கட்டணம் கட்டியாயிற்றே என்றோ, நாலு பேருக்குச் சொல்லியாயிற்றே என்றோ அவளை அவசரப்படுத்தாதீர்கள். 'வேண்டாம்' என்று அவள் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும்.

ஆயிரம் வரன்களை ஒரு நொடியில் காட்டும் இயந்திரம் வந்துவிட்டது. அது நல்லதுதான். ஆனால் வாழப்போகிறவள் உங்கள் மகள். அவளுக்காகப் பத்து மைல் நடந்து விசாரிக்கும் கால்கள் இயந்திரத்துக்கு இல்லை; உங்களுக்குத்தான் இருக்கின்றன!