தரவு வந்து சேராதபோது

மழைமானியைப் பார்க்க இயலாத நாளில், நேற்றைய அளவையே இன்றைய கட்டத்தில் எழுதிவிடும் பணியாளரை எவரும் மெச்சமாட்டார். கட்டத்தை வெறுமையாக விட்டு, காரணத்தைக் குறித்து வைப்பதே முறை. மனிதரிடம் நாம் எதிர்பார்க்கும் இந்நேர்மையைக் கணினியிடமும் எதிர்பார்த்தல் வேண்டும் என்பதே இங்கு நாம் வலியுறுத்த விரும்புவது.

இன்று விஞ்ஞானக் கணக்குகள் பலவும், பிறர் எழுதித் திரட்டி வைத்த மென்பொருள் நூலகங்களின் துணைகொண்டு செய்யப்படுகின்றன. இவற்றுட் சில, தமக்கு வேண்டிய தரவை இணையத்தின் வழியே தாமே தருவித்துக் கொள்கின்றன. அத்தரவு வாராவிடில் நூலகம் செய்யத்தக்கது யாது?

வானியலார் கையாளும் ஆஸ்ட்ரோபை நூலகத்தை எடுத்துக்கொள்வோம். பூமியின் சுழற்சி முற்றிலும் சீரானதன்று. ஆதலின், அச்சுழற்சி காட்டும் நேரத்துக்கும் அணுக் கடிகாரங்களை ஒட்டிய உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வேறுபாடு அவ்வப்போது அளக்கப்பட்டு, வருங்கால மதிப்பீடுகளுடன் அட்டவணையாக வெளியிடப்படுகிறது. பூமத்திய ரேகையில் நிலம் வினாடிக்குச் சுமார் 465 மீட்டர் நகர்வதால், பத்தில் ஒரு வினாடிப் பிழையும் சுமார் 46.5 மீட்டருக்குச் சமமாகும். 2019 அக்டோபரில், இவ்வட்டவணை தருவிக்கப்பட்டு வந்த அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையதளம் சீரமைப்புக்காக நிறுத்தப்பட்டது. நூலகத்தின் நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் பலருடைய கணக்குகள் தடைப்பட்டன.

இத்தடையைக் குறையெனக் கூறுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மதிப்பீடுகள் 30 நாட்களுக்கு மேல் பழையனவாகி, புதியவை கிட்டாவிடில், பிழையை அறிவித்து நிற்பதே அந்நூலகத்தின் இயல்பான விதி. பழைய தரவே தமது பணிக்குப் போதுமென்று கருதுவோர் இவ்விதியைத் தளர்த்திக்கொள்ளலாம். அம்முடிவைச் செய்பவர் மனிதர், இயந்திரமன்று. ஓசையின்றிப் பழைய எண்ணை வைத்துக் கணக்கிட்டு முடிக்கும் நூலகம் நமது நேரத்தைக் காப்பதுபோல் தோன்றி, நமது முடிவுகளைக் கெடுத்துவிடும்.

ஆயினும், நிற்பது மட்டும் போதாது. ஒரே தளத்தை நம்பியிராமல், மற்றோர் இடத்திலும் நகல் வைத்தல் வேண்டும். வந்த கோப்பு முழுமையானதா என்பதைச் சரிபார்ப்பு எண்ணால் சோதித்தல் வேண்டும். பாதியில் அறுந்த கோப்பும், தரவுக்குப் பதிலாக வந்த அறிவிப்புப் பக்கமும் இச்சோதனையில் அகப்பட்டுவிடும். தரவைத் தேதியிட்ட தனித் தொகுப்பாக நிறுவச் செய்வது இன்னும் சிறந்தது. 2023-ல் வெளிவந்த ஆஸ்ட்ரோபை 6.0 இம்முறையையே மேற்கொண்டது. இதனால் வேலையின் நடுவே தளத்தை எதிர்பார்த்திருக்கும் நிலை பெரிதும் நீங்குகிறது.

ஆசிரியர்களுக்கும் இதில் பாடமுண்டு. சைக்கிட்-லேர்ன் நூலகம் எம்.எல்.டேட்டா என்ற தளத்திலிருந்து மாதிரித் தரவுகளைத் தருவித்து வந்தது. அத்தளம் நம்பத்தகாததாகிவிடவே, 2018-ல் வெளியான 0.20 பதிப்பு வேறொரு தளத்துக்கு மாறிற்று. பழைய கட்டளை பின்னர் நீக்கப்பட்டது. அக்கட்டளையை அச்சிட்டிருந்த பயிற்சி நூலைக் கொண்டு வகுப்பு நடத்துவோர், மாணவர் முன்னிலையில் பிழைச் செய்தியைத்தான் காண்பர்.

ஆகவே அன்பர்களுக்கு நாம் கூறுவது இது. வகுப்புக்கோ களப்பணிக்கோ புறப்படுமுன் தரவைத் தருவித்து, நகலெடுத்து, அதன் தேதியையும் சரிபார்ப்பு எண்ணையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையிலும் அத்தேதியைக் காட்டுங்கள். கணினி பிழையென்று சொல்லி நிற்குமாயின், அச்செய்தியை அடக்க வழி தேடுமுன் அதை முழுமையாகப் படியுங்கள். வெறுமையாக விடப்பட்ட கட்டத்தைப் பின்னர் நிரப்பிவிடலாம். பொய்யாக நிரப்பிய கட்டத்தைக் கண்டுபிடிப்பதே அரிது.